‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’, ‘வாரியர் விதின்’: இரண்டாம் பாகத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோமா?

பதிவு 1 (இழையைத் தொடங்கியவர்)

2003-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ வீடியோ விளையாட்டையும், அதற்கு ஓராண்டு கழித்து வந்த ‘வாரியர் விதின்’ விளையாட்டையும் கடந்த இரண்டு வாரங்களில் அடுத்தடுத்து மீண்டும் விளையாடி முடித்தேன். இரண்டும் யூபிசாஃப்டின் மான்ட்ரியால் நிறுவனத்தில் உருவானவை. முதல் பாகம் ஒரு காவியம், இரண்டாம் பாகம் சந்தைக்காக அதைக் கெடுத்த வேலை என்பதுதான் இத்தனை ஆண்டுகளாக எல்லோரும் சொல்லிவருவது. நானும் பல இடங்களில் அதையே எழுதியிருக்கிறேன். இப்போது அந்தக் கருத்திலிருந்து விலகிவிட்டேன்; காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

முதல் பாகத்தின் உயிர்நாடி ரீவைண்ட் வசதி. தாவும்போது கைதவறி விழுந்தால், ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துச் சில நொடிகள் பின்னால் போய், விழாத நிலைக்குத் திரும்பிவிடலாம். அதற்கு இளவரசனின் மந்திரக் குத்துவாளில் காலத்தின் மணல் இருக்க வேண்டும். மணல் தீர்ந்துபோய் இறந்தாலும், கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும் இளவரசனின் குரல் குறுக்கிட்டு, இல்லை, அப்படி நடக்கவில்லை, திரும்பச் சொல்கிறேன் என்கிறது. நம்முடைய மரணம் கதைசொல்லியின் நாக்குப் பிறழ்ச்சியாக ஆகிவிடுகிறது. முடிவில் இளவரசன் குத்துவாளை மணற்கடிகாரத்தில் செருகி, அசாத் அரண்மனையில் நடந்த பேரழிவு முழுவதையும் நடக்காததாக ஆக்கிவிடுகிறான். மணற்கடிகாரத்தைத் திறந்து மணலை வெளியே விட்ட அவனுடைய தவறால் மணற்பூதங்களாக மாறிய தந்தையும் வீரர்களும் மீண்டும் உயிரோடு இருக்கிறார்கள். தவறுக்கு எந்த விலையும் கொடுக்காமல் அவன் தப்பிவிடுகிறான்.

‘வாரியர் விதின்’ அந்த விலையைக் கேட்பதிலிருந்துதான் தொடங்குகிறது. ஏழு ஆண்டுகள் கடந்துவிட்டன. மணலைத் திறந்துவிட்டவன் இறந்திருக்க வேண்டும் என்பது காலத்தின் கணக்கு, அவன் இறக்கவில்லை. ஆகவே காலத்தின் காவலனான தஹாகா அவனைத் துரத்துகிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவன் காலத்தின் தீவுக்குப் போகிறான். அங்கிருக்கும் காலத்தின் பேரரசி மணலை உருவாக்குவதற்கு முன்பே அவளைத் தடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறான். அதாவது, முதல் பாகத்தில் பயன்பட்ட அதே தந்திரத்தை இன்னும் பெரிதாக ஒருமுறை செய்து பார்க்க நினைக்கிறான். பேரரசியைக் கொன்ற அந்தக் கணத்தில் அவளுடைய உடலே மணலாக மாறுகிறது. மணலை உருவாக்கியவன் தானேதான் என்று அவன் உணரும் அந்தக் காட்சிக்கு இணையாக முதல் பாகத்தில் ஒரு திருப்பம் கூட இல்லை என்பது என் எண்ணம்.

வண்ணம் மங்கிவிட்டது, பேச்சு முரடாகிவிட்டது, இரத்தம் தெறிக்கிறது என்ற குறைகள் அனைத்தையும் நானும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ரீவைண்ட் என்பதை விளையாட்டு வசதியாக மட்டும் விட்டுவிடாமல், அதற்கு ஒரு பொறுப்பு உண்டு என்று யோசித்தது இரண்டாம் பாகம்தான். முதல் பாகத்தின் மீதுள்ள அன்பால் இந்தத் துணிவை நாம் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று கருதுகிறேன். மற்றவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதிவு 2

நண்பரே, நீங்கள் எழுதியது கதைச்சுருக்கத்தின் அளவில் முற்றிலும் சரி. கதைச்சுருக்கத்தை மட்டும் படித்தவர் எவரும் இரண்டாம் பாகமே ஆழமானது என்றுதான் சொல்வார். ஆனால் அந்த இளவரசனோடு பத்து மணி நேரம் வாழ வேண்டியவர்கள் நாம். என் மறுப்பு அங்கேதான் தொடங்குகிறது.

முதல் பாகத்து இளவரசன் தனக்குள் பேசிக்கொண்டே இருப்பவன். கர்வம் பிடித்தவன், இளைஞன், தந்தையிடம் நல்ல பெயர் வாங்கத் துடிப்பவன். நேரம் போகப்போக அந்தக் கர்வம் கரைவதை அவன் வாயாலேயே கேட்கிறோம். அவனோடு துணையாக வரும் இந்திய இளவரசி ஃபாராவோடு அவன் போடும் சிறு சண்டைகள், அவள் சுவரின் விரிசலுக்குள் நுழைந்து போய்விட்ட பிறகு அவன் தனியாக முணுமுணுப்பவை, அவள் எய்த அம்பு தவறிப்போய் அவன்மீதே பட்டால் அவன் எரிச்சலோடு கத்துவது என்று எல்லாமே உறவை வளர்க்கின்றன. உடையைக் கூடக் கவனியுங்கள். போர்க்கோலத்தில் தொடங்குபவன், அரண்மனையின் ஒவ்வொரு பகுதியாகக் கடக்கக் கடக்க ஆடை கிழிந்து, இறுதியில் வெற்று மார்போடு நிற்கிறான். அவனுடைய ஆணவம் கழன்று விழுவதற்கு அதைவிட எளிய காட்சி வேண்டாம்.

ஒரே ஓர் இடத்தை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். பிற்பகுதியில் இளவரசன் இருளுக்குள் நெடிய படிக்கட்டில் இறங்கிக்கொண்டே இருக்கிறான். கீழே பல வாசல்கள் கொண்ட ஓர் அறை. எந்த வாசலில் நுழைந்தாலும் மீண்டும் அதே அறைக்கு வந்து சேர்கிறோம். எந்தக் குறிப்பும் திரையில் வருவதில்லை. சிறிது நேரம் சும்மா நின்றால்தான் ஒரு வாசலிலிருந்து மட்டும் தண்ணீரின் ஓசை வருவது காதில் விழும். அந்த ஓசையைப் பின்தொடர்ந்து வாசல் வாசலாகப் போனால் ஃபாரா இருக்கும் குளியலறைக்கு வந்து சேர்கிறோம். நான் முதன்முறை விளையாடியபோது ஒலிபெருக்கியை அணைத்து வைத்திருந்ததால் ஏறத்தாழ அரை மணி நேரம் அந்த அறையிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். பிறகு ஹெட்போன் மாட்டியதும் புரிந்தது. காது கொடுத்துக் கேட்பவனுக்குத்தான் வழி திறக்கும் என்று கதாநாயகனுக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் கற்பித்த இடம் அது. விழித்துப் பார்த்தால் அவள் இல்லை, குத்துவாளும் இல்லை. அதன்பிறகு கோபுரத்தின் மீது ஏறுவது முழுவதும் ரீவைண்ட் இல்லாமல்தான். விலை கொடுக்காமல் தப்பிவிடுகிறான் என்று நீங்கள் எழுதினீர்கள். அந்த ஏற்றத்தை மறந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். காலம் முழுவதும் பின்னால் சென்ற பிறகு ஃபாரா அவனை அறியாதவளாக நிற்கிறாள். இவன் நினைவில் மட்டும் எல்லாம் இருக்கிறது. அவள் தன் தாயிடம் மட்டுமே பகிர்ந்த ‘ககோலூக்கியா’ என்ற இரகசியச் சொல்லை அவன் சொல்லிவிட்டு விடைபெறுகிறான். அதுவே அவன் கொடுத்த விலை.

இரண்டாம் பாகத்து இளவரசன் சினத்தைத் தவிர வேறொன்றும் காட்டுவதில்லை. குரல் கொடுத்தவரே மாறிவிட்டார். யூரி லோவென்தாலின் இடத்தில் ராபின் அட்கின் டவுன்ஸ் வந்தார். அவர் திறமையானவர், குறை அவரிடம் இல்லை. எழுதிக் கொடுத்த வசனங்கள்தான் அப்படி. முதல் பாகத்தின் கதையை எழுதியவரும், 1989-இல் ஆப்பிள் கணினிக்கு முதல் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வை உருவாக்கியவருமான ஜோர்டன் மெக்னர் இரண்டாம் பாகத்தில் பங்கேற்கவில்லை, அதன் கலைப்போக்கும் வன்முறையும் தமக்கு உவப்பாக இல்லை என்று பின்னர் வெளிப்படையாகவே சொன்னார். இரண்டாம் பாகத்தில் பேரரசியின் பணியாளாக வரும் ஷாதீயின் உடையையும், கேமரா அவளைக் காட்டும் விதத்தையும் பற்றி நான் எதுவும் எழுதத் தேவையில்லை. ஃபாராவை ஒரு முழு மனுஷியாகப் படைத்த அதே தொடரில் அப்படி ஒரு காட்சி வந்ததை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

பதிவு 3

இருவரும் கதையிலேயே நின்றுவிட்டீர்கள். ஆக்‌ஷன் விளையாட்டுகளை ஒப்பிடும்போது சண்டையைப் பேசாமல் போவது முறையாகாது.

முதல் பாகத்தின் சண்டை பார்க்க அழகு, விளையாடச் சலிப்பு. எதிரியின் தலைக்கு மேலே தாவி, முதுகில் வெட்டி, கீழே விழுந்ததும் குத்துவாளால் அவனுடைய மணலை உறிஞ்ச வேண்டும்; உறிஞ்சாவிட்டால் அவன் மீண்டும் எழுந்துவிடுவான். கேட்பதற்கு நன்றாக இருந்தாலும், ஏழெட்டுப் பேர் சூழ்ந்திருக்கும்போது ஒருவனைக் குத்தக் குனிந்த நொடியில் மற்றவன் வெட்டிவிடுவான். தாவலைத் தடுக்கும் எதிரி வந்தால் சுவரில் உதைத்துப் பாய வேண்டும், அதைத் தடுப்பவன் வந்தால் தாவ வேண்டும். இரண்டு சாவிகளும் இரண்டு பூட்டுகளும், அவ்வளவுதான். பிற்பகுதியில் லிஃப்டின் மேல் நடக்கும் அந்தச் சண்டையை நினைவுகூருங்கள். அலை அலையாக எதிரிகள் வருவார்கள், ஃபாராவையும் காப்பாற்ற வேண்டும், அவள் இறந்தாலும் ஆட்டம் முடிந்தது. அந்த ஓர் இடத்திலேயே முதல் பாகத்தைக் கைவிட்டவர்களை நான் அறிவேன்.

‘வாரியர் விதின்’ இதை அடிப்படையிலிருந்து மாற்றி எழுதியது. இடது கையில் இரண்டாவது ஆயுதம்: எதிரியிடமிருந்து பிடுங்கலாம், சுவரில் மாட்டியிருப்பதை எடுக்கலாம், பயன்படுத்தப் பயன்படுத்த அது உடையும், உடைவதற்குள் எறிந்துவிடலாம். இடது கை வெறுமையாக இருந்தால் எதிரியைப் பிடித்துக் கழுத்தை நெரிக்கலாம், கேடயமாக நிறுத்தலாம், பள்ளத்தில் தள்ளலாம். தூணைப் பற்றிச் சுழன்று வெட்டலாம். எதிரி இறந்ததும் மணல் தானாகவே வந்து சேர்ந்துவிடுகிறது. ஆகவே சண்டையின் ஓட்டம் எங்கும் அறுபடுவதில்லை. முதல் பாகத்தில் ஓட்டத்திலும் தாவலிலும் இருந்த நீரொழுக்கான அசைவு, சண்டைக்குள்ளும் வந்து சேர்ந்தது இரண்டாம் பாகத்தில்தான்.

தலை துண்டாவதை மெதுவாகக் காட்டியது தேவையற்றது என்பதில் ஐயமில்லை. பதின்ம வயதினருக்கு உரியதாக இருந்த அமெரிக்கத் தரமதிப்பீடு 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று மாறியது அதனால்தான். ஆனால் அந்த இரத்தத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் கீழே இருக்கும் அமைப்பு மிகச் சிறந்தது. பதிவு 2-ஐ எழுதிய நண்பர், ஃபாராவை நினைத்துக்கொண்டே லிஃப்ட் சண்டையை எத்தனை முறை தோற்றார் என்பதையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதிவு 4

நண்பருக்கு நேர்மையாகவே பதில் சொல்கிறேன்: லிஃப்ட் சண்டையில் பதினைந்து முறைக்கும் மேல் தோற்றேன். சண்டை குறித்து நீங்கள் எழுதியதில் மறுக்க எனக்கு எதுவும் இல்லை. ஆனால் சண்டை மெருகேறியதாலேயே அதன் அளவும் கூடிவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் பாகத்தில் சண்டை என்பது புதிருக்கும் புதிருக்கும் இடையில் வரும் தடை. இரண்டாம் பாகத்தில் புதிர் என்பது சண்டைக்கும் சண்டைக்கும் இடையில் கிடைக்கும் ஓய்வு. நான் விரும்பியது புதிர்களை.

பதிவு 5

வழியமைப்பைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. முதல் பாகம் ஒரே நேர்கோடு. எங்கே போக வேண்டும் என்ற குழப்பமே வராது; சேவ் செய்யும் மணற்சுழலுக்குள் நின்றால், இனி வரப்போகும் இடங்கள் கனவுபோல மின்னி மறையும், அதையே வழிகாட்டியாகக் கொள்ளலாம். இரண்டாம் பாகத்தில் நடுக்கூடத்திலிருந்து தோட்டக் கோபுரத்துக்கும் இயந்திரக் கோபுரத்துக்கும் போய்வர வேண்டும். ஒரே இடத்தைப் பழைய காலத்திலும் நிகழ்காலத்திலுமாக இருமுறை கடக்க வேண்டும். இறந்தகாலத்தில் பளபளத்த கூடம் நிகழ்காலத்தில் கொடி படர்ந்து, கூரை இடிந்து கிடப்பதைப் பார்க்கும் அனுபவம் அருமையானது என்றாலும், எந்தக் கதவு எங்கே என்று தெரியாமல் நான் அலைந்த நேரம் அதைவிட அதிகம். வரைபடம் இருந்தும் பெரிதாக உதவவில்லை. என் பழைய கணினியில் ஒலி அடிக்கடி அறுந்துபோன குறையையும் பதிவு செய்கிறேன். ஓராண்டுக்குள் முடிக்க வேண்டிய அவசரம் பல இடங்களில் தெரிகிறது.

பதிவு 6 (இழையைத் தொடங்கியவர்)

பதிவு 2-ஐ இருமுறை படித்தேன். கோபுரத்தில் ரீவைண்ட் இல்லாமல் ஏறும் பகுதியை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது உண்மையிலேயே என் பிழை. தண்ணீரின் ஓசையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அந்த இடத்தை மட்டும் நேற்று இரவு மீண்டும் விளையாடினேன். குரல் குறித்தும் வசனம் குறித்தும் உங்கள் தரப்பையே ஏற்கிறேன். ஷாதீ குறித்தும் அப்படியே.

இருப்பினும் என் அடிப்படை வாதத்தைக் கைவிட மனம் வரவில்லை. காரணம் தஹாகா. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்: ஜொராஸ்திரியரின் மறைநூலான அவெஸ்தாவில் வரும் மூன்று தலை நாகமான அஷி தஹாகா, அதுவே பிற்காலத்தில் பாரசீகக் காவியமான ஷாநாமாவில், தோள்களில் இரண்டு பாம்புகள் முளைத்த ஸஹ்ஹாக் என்னும் கொடுங்கோலனாக மாறியது. பாரசீகத் தன்மையைக் கைவிட்டுவிட்டதாக எல்லோரும் குறை கூறும் இரண்டாம் பாகம், தன்னுடைய முதன்மையான அச்சத்துக்குப் பாரசீகத்தின் மிகப் பழைய பெயரை வைத்திருக்கிறது. விளையாட்டில் வரும் உருவத்துக்கும் அந்தக் கதைகளுக்கும் தொடர்பு குறைவுதான் என்றாலும் பெயர்த்தேர்வு வெறும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

துரத்தல் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஓர் அறையில் நிதானமாக வழி தேடிக்கொண்டிருப்போம். தரை அதிரும். திரையின் வண்ணம் முழுவதும் வடிந்து சாம்பல் நிறமாகும். அந்த நொடியிலிருந்து யோசிக்க நேரமில்லை. சுவரில் ஓட வேண்டுமா, கம்பத்தில் தொங்க வேண்டுமா என்று கண்ணில் பட்டதை வைத்து விரல்கள் முடிவெடுக்க வேண்டும். முதல் பாகத்தில் நின்று நிதானித்துக் கற்ற அத்தனை அசைவுகளுக்கும் அங்கே தேர்வு நடக்கிறது. கடைசியில் மேலிருந்து வழியும் நீருக்கு அப்பால் போய்த் திரும்பினால், தஹாகாவின் கரங்கள் அந்த நீரைத் தொட்டதும் சுருண்டு பின்வாங்கும். தண்ணீர் அதற்கு ஆகாது என்பதை யாரும் வசனத்தில் விளக்குவதற்கு முன்பே கண்ணால் அறிந்துகொள்கிறோம். முதல் பாகத்தில் தண்ணீர் குடித்தால் உயிர் கூடும் என்ற எளிய விதி, இரண்டாம் பாகத்தில் கதையின் திறவுகோலாக வளர்ந்துவிட்டது.

இன்னொன்று, மணல் உருவம். தொடக்கத்தில் தொலைவில் ஒரு கரிய உருவத்தைப் பார்க்கிறோம். தஹாகா இளவரசனை விட்டுவிட்டு அந்த உருவத்தை இழுத்துச் செல்கிறது. பல மணி நேரம் கழித்து, காலத்தில் பின்னோக்கிக் கொண்டுசெல்லும் ஒரு முகமூடியை அணிந்ததும், அந்த உருவமே நாம்தான் என்று தெரிகிறது. அப்போது உயிர் தானாகக் குறைந்துகொண்டே போகும், மணலோ தானாக நிரம்பிக்கொண்டே இருக்கும். இம்முறை தஹாகாவின் கையில் சிக்க வேண்டியவன் பழைய நாம். நாமே நம்மை விட்டுக்கொடுத்தால்தான் பிழைக்க முடியும். பேரரசியான கைலீனாவும் தன் மரணத்தை முன்கூட்டியே பார்த்து, அதை மாற்றத்தான் இவனைக் கொல்லப் பார்த்தாள் என்பதை எண்ணும்போது, இருவருடைய அச்சமும் ஒன்றாகிவிடுகிறது. முரட்டு வசனங்களுக்கு அடியில் இவ்வளவும் இருக்கிறது. அதைத்தான் நாம் பார்க்கத் தவறினோம் என்கிறேன்.

பதிவு 7

மணல் உருவம் குறித்த உங்கள் பத்தியை ஏற்கிறேன். அந்தக் கதையமைப்பு சிறந்தது, அதைச் சொன்ன மொழி அதற்குத் தகுதியானதாக இல்லை என்ற இடத்தில் நாம் இருவரும் ஒன்றுபடலாம் என்று நினைக்கிறேன். 2005-இல் வந்த ‘தி டூ த்ரோன்ஸ்’ ஏறத்தாழ அந்த முடிவுக்கே வந்தது. லோவென்தாலின் குரலையும் ஃபாராவையும் திரும்பக் கொண்டுவந்தது, இரண்டாம் பாகத்தின் சினத்தை இளவரசனுக்குள் இருக்கும் இன்னொரு குரலாகப் பிரித்து வைத்தது.

பதிவு 8

இசையைப் பற்றி ஒரு சொல். முதல் பாகத்துக்கு ஸ்டூவர்ட் சாட்வுட் அமைத்த இசையில் மேற்காசியச் சாயலும் ராக் கித்தாரும் ஒன்றுக்கொன்று இடம் விட்டு ஒலிக்கும். இரண்டாம் பாகத்தின் துரத்தலின்போது வரும் காட்ஸ்மாக் என்ற ராக் குழுவின் ‘ஐ ஸ்டேண்ட் அலோன்’ முதலில் 2002-இல் ஒரு திரைப்படத்துக்காக வந்த பாடல்; இந்த விளையாட்டுக்காக உருவானதல்ல. அந்தப் பாடலைக் கேட்கும்போதெல்லாம் அது எனக்குத் தெரிந்துவிடும். இரண்டாம் பாகத்திலும் சாட்வுட் பணியாற்றியிருக்கிறார், இனான் ஸுரும் உடன் இருந்தார். அவர்கள் அமைத்த அமைதியான பகுதிகளை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளாதது வருத்தமளிக்கிறது.

பதிவு 9

ஐயா, நான் இரண்டையும் இதுவரை விளையாடியதில்லை. முதல் பாகத்தை விட்டுவிட்டு நேரடியாக ‘வாரியர் விதின்’ தொடங்கலாமா? கதை முடிவு இரண்டு விதமாக இருக்கும் என்று கேள்விப்பட்டேன். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும், கதையை மேலும் வெளிப்படுத்தாமல், சொல்ல முடியுமா?

பதிவு 10 (இழையைத் தொடங்கியவர்)

தம்பி, முதலில் ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ முடித்துவிடுங்கள். வார இறுதிகள் இரண்டு போதும். இளவரசன் முன்பு எப்படிப் பேசினான் என்று தெரியாவிட்டால், இரண்டாம் பாகத்தில் அவன் எதை இழந்துவிட்டான் என்பதே புரியாது. பதிவு 2-இல் சொன்னதுபோல ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள்.

‘வாரியர் விதின்’ தொடங்கியதும் உயிர் அளவைக் கூட்டும் இரகசிய இடங்களைத் தேடத் தொடங்குங்கள். மொத்தம் ஒன்பது. அவற்றுக்குப் போகும் வழிகளில் பொறிகள் அடுக்கடுக்காக இருக்கும், பொறுமை தேவை. ஒன்பதும் கிடைத்தால்தான் நீர்வாள் கையில் வரும், நீர்வாள் இருந்தால்தான் இறுதியில் நீங்கள் சந்திக்கும் எதிரி மாறும், மூன்றாம் பாகத்தின் கதையும் அந்த முடிவிலிருந்துதான் தொடர்கிறது. சேவ் செய்வதற்கு ஒரே இடத்தைப் பயன்படுத்தாமல் மூன்று, நான்கு இடங்களில் மாற்றி மாற்றிச் செய்து வையுங்கள். இறுதி அரியணை அறைக்குள் நுழையும் முன் உயிர்க்கோட்டை ஒருமுறை பார்த்து, ஒன்பதும் சேர்ந்துவிட்டனவா என்று எண்ணிக்கொள்ளுங்கள். நான் முதன்முறை எட்டோடு உள்ளே போய்விட்டேன்.